மிச்சம் இருந்தால் எனக்கு

கேள்வி: நாலு பேரை வைத்துத் தொழில் நடத்துபவரால் பொருளாதாரத்தில் என்ன மாறிவிடப் போகிறது?

பதில்: அந்த நாலு நாலு பேரைக் கூட்டிப் பாருங்கள். உலகிலுள்ள தொழில்களில் சுமார் 90 சதவீதம் சிறு, நடுத்தரத் தொழில்கள்தான். வேலைவாய்ப்பில் பாதிக்கு மேல் அவற்றில்தான் என்கிறது உலக வங்கி.

தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவரே தொழில்முனைவோர் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார் பொருளியலாளர் ரிச்சர்ட் கான்டில்லன். அச்சகம் நடத்திய எனக்கு அது நன்றாகவே புரியும். மாதக் கடைசியில் காகிதக்காரர் பாக்கி, அப்புறம் மூன்று பேர் சம்பளம், மிச்சம் இருந்தால் எனக்கு. பல மாதம் இருக்காது! ஆனால் என்னிடம் மை உருளை துடைக்க வந்த பையன் இன்று சொந்தமாக இரண்டு மெஷின் ஓட்டுகிறான். அவனிடம் ஐந்து பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.