சில்வர் ஓக் மரமும் அம்மாவும்

அன்புள்ள ஐயா,

சென்ற மார்கழியில் என் அம்மாவை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். இளம் வயதில் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் மலையேறினார். பகல் முழுவதும் மூடுபனி. எடுத்தவற்றில் ஒரு படமும் தேறவில்லை. தோட்டத்தில் எடுத்த படத்தில் முன்னால் இருந்த மரம் தெளிவாகவும் அம்மா மங்கலாகவும் விழுந்திருக்கிறார்கள். இரவில் பனி விலகியபின் மலை விளிம்பில் உள்ள லேடி சீட் காட்சிமுனையிலிருந்து எடுத்த சேலம் நகரம் வெறும் கோடுகளாக இருக்கிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்ததில் வெள்ளைப் புள்ளிகள் மட்டுமே. மூன்றையும் இணைத்திருக்கிறேன். அழித்துவிடலாமா?

ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாவது படத்தை அழித்துவிடுங்கள். லென்ஸுக்கு அருகில் மிதந்த பனித்துளிகளில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்பியிருக்கிறது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. பழுதான படம் ஒவ்வொன்றிலும் கலை ஒளிந்திருப்பதாக நான் நம்பவில்லை.

லேடி சீட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா விளக்குகளும் ஒரே வடிவில் நெளிந்திருக்கின்றன: இடப்பக்கம் ஒரு சிறு கொக்கி, பின் கீழ்நோக்கி ஓர் இழுப்பு. ஷட்டர் திறந்திருந்த சிறு பொழுதில் உங்கள் கை நடுங்கிய நடுக்கத்தை அத்தனை விளக்குகளும் சேர்ந்து எழுதியிருக்கின்றன. முக்காலியில் வைத்து எடுத்திருந்தால் சேலம் தெளிவாக வந்திருக்கும். மலைக்குளிரில் நின்ற நீங்கள் அதில் இருந்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை ஷட்டரை அரை நொடி திறந்துவைத்து, வேண்டுமென்றே கையை அசைத்துப் பாருங்கள்.

அம்மாவின் படத்தைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தானாக ஃபோகஸ் செய்யும் காமிரா, ஒளியும் நிழலும் அழுத்தமாக வேறுபடும் விளிம்புகளைத் தேடிச் செல்கிறது. மூடுபனி அம்மாவின் முகத்திலிருந்து அந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டதால், அருகிலிருந்த சில்வர் ஓக் மரத்தின் பட்டையையும் அதில் படர்ந்த மிளகுக் கொடியையும் அது பற்றிக்கொண்டது. அவர் விட்டு வந்த தோட்டம் இலை நரம்பு வரை துலங்க, நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பியவர் அதன் பின்னே நீலச் சேலையின் நிறமாக மட்டும் நிற்கிறார். முகம் துல்லியமாக விழுந்திருந்தால், சுற்றுலா வந்த ஒரு மூதாட்டியைத்தான் நான் கண்டிருப்பேன். மென்பொருளைக் கொண்டு அந்த முகத்தைத் தெளிவாக்க முயலாதீர்கள். படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் அது தானே வரைந்து வைத்துவிடும். வலது ஓரத்தில் நுழைந்திருக்கும் காரின் கதவை மட்டும் வெட்டிவிடுங்கள்.

1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், மகள் பரிசளித்த காமிராவைக் கொண்டு 48ஆம் வயதில் படமெடுக்கத் தொடங்கினார். ஃபோகஸ் சரியில்லை என்று அக்கால விமர்சகர்கள் அவரைக் குறை கூறினர். லென்ஸைத் திருப்பிக்கொண்டே வருகையில் உருவம் அழகாகத் தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் தெளிவு வரை செல்வதில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கையில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1879இல் அங்கேயே இறந்தார். லென்ஸை அவர் தெரிந்தே நிறுத்தினார். உங்களுக்குத் தற்செயலாக அமைந்தது. அந்த வேறுபாட்டை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் நூறு படங்களிலிருந்து இந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வதும் ஒரு தெரிவுதான், அதை நீங்கள் இப்போதும் செய்யலாம்.

கடிதத்தில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அம்மா இந்தப் படத்தைப் பார்த்தாரா? அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். தாம் மங்கலாக விழுந்ததைப் பற்றிப் பேசுகிறாரா, அந்த மிளகுக் கொடியைப் பற்றிப் பேசுகிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.