அம்மாவின் வாக்கை நான் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் தனியாக இருந்தவர், இடுப்பெலும்பு முறிந்ததால் மூன்று மாதமாக அதே நகரின் பீனிக்ஸ் பகுதியில் என் வீட்டில் இருக்கிறார். எழுந்து நடக்க முடியவில்லை. ஆனாலும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தே தீருவேன் என்கிறார். அவருடைய கடிதத்தையும் ஐடி புத்தகத்தையும் கொண்டுபோய் நானே அவருக்காக வாக்களிக்கலாமா?

பதில்: கூடாது, சகோதரி. ஒருவர் வாக்கை இன்னொருவர் போடும் வழக்கம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் இல்லை. கடிதம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அது ஆள்மாறாட்டம்தான்; குற்றம். தபால் வாக்கும் கிடையாது.

ஆனால் வாக்குப்பெட்டியே வீடு தேடி வரும். நகராட்சித் தேர்தல் சட்டம் (2000) இதைச் சிறப்பு வாக்கு என்கிறது. உடல் நலிந்தவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி ஆகியோர் விண்ணப்பித்தால், தேர்தலுக்கு முன்பே அதிகாரிகள் வீட்டுக்கு வந்து வாக்கு வாங்கிச் செல்வார்கள். 1994இல் இந்திய வம்சாவளியினரான நம் மக்கள் முதன்முறையாக எல்லா இனத்தாருடனும் சேர்ந்து வாக்களித்தபோதும், முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ஏப்ரல் 26 என்று தனி நாள் ஒதுக்கினார்கள். 2021இல் தேர்தல் நவம்பர் 1; சிறப்பு வாக்கு அக்டோபர் 30, 31.

உங்கள் சிக்கல் முகவரியில் இருக்கிறது. அம்மா பதிவு செய்திருப்பது சாட்ஸ்வொர்த்தில். அதிகாரிகள் அந்த வாக்குப்பதிவு வட்டாரத்துக்குள் உள்ள வீட்டுக்குத்தான் வருவார்கள். பீனிக்ஸுக்கு வரமாட்டார்கள். இரண்டும் எத்தேக்வினி (டர்பன்) மாநகராட்சிக்குள் இருந்தாலும் வார்டு வேறு. இங்கே கையில் தருவது இரண்டு வாக்குச்சீட்டு: ஒன்று வார்டு கவுன்சிலருக்கு, மற்றது கட்சிக்கு. முதலாவது, அந்தந்த வார்டுக்கே உரியது.

ஆகவே அம்மாவிடம் கேளுங்கள்: குணமானதும் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்புவாரா, உங்களோடு தங்கிவிடுவாரா? திரும்புவார் என்றால் பதிவைத் தொடாதீர்கள். சிறப்பு வாக்கு நாளில் அவரைக் காரில் பழைய வீட்டுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள். அதிகாரிகள் அங்கே வரட்டும். தங்கிவிடுவார் என்றால் பதிவைப் பீனிக்ஸுக்கு மாற்றுங்கள். ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பதிவு இருக்க வேண்டும். வசதிக்காக ஒரு முகவரியை எழுதிக்கொள்வது விளையாட்டல்ல. ட்லோக்வே நகராட்சியில் 2013இல் நடந்த இடைத்தேர்தல்களில் அந்தந்த வார்டில் வசிக்காதவர்கள் பட்டியலில் இருந்ததால், 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவற்றையே செல்லாது என்றது.

எதைச் செய்தாலும் தாமதிக்காதீர்கள். தேர்தல் தேதி அரசிதழில் அறிவிக்கப்பட்டதும் வாக்காளர் பட்டியல் மூடப்படும். பிறகு மாற்ற முடியாது. 2021இல் தேர்ந்தெடுத்த நகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டு முடிந்து 90 நாட்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். சிறப்பு வாக்குக்கான விண்ணப்பத்துக்கும் தேர்தல் கால அட்டவணையில் தனிக் கெடு இருக்கிறது. அதை நழுவவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதிகாரிகள் வரும்போது அம்மாவின் பச்சை ஐடி புத்தகமோ ஸ்மார்ட் அட்டையோ தயாராக இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் ஓட்டுநர் உரிமமும் செல்லாது. குறியிட்ட சீட்டு பெயரில்லாத உறைக்குள் போகும். அந்த உறை, அவர் விவரம் எழுதிய இன்னோர் உறைக்குள். பின்னர் பட்டியலைச் சரிபார்த்தபின் உள்ளுறையை மட்டும் பெட்டியில் இடுவார்கள். யாருக்குப் போட்டார் என்பது வெளியே தெரியாது. கை நடுங்கினால் அம்மா விரும்பும் ஒருவர் குறியிட உதவலாம். அவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக் கூடாது. நீங்கள் உதவலாம், ஆனால் அவர் சொல்வதைத்தான் குறிக்க வேண்டும். உங்களுக்குப் பிடிக்காத கட்சியாக இருந்தாலும்!

தேர்தலன்று அவரைத் தனியே விட முடியாது என்றால் நீங்களும் விண்ணப்பியுங்கள். உங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். சிறப்பு வாக்கு நாளில் நீங்கள் பதிவு செய்த சாவடிக்குப் போய்ப் போட்டுவிட்டு வரலாம். அம்மாவைச் சாட்ஸ்வொர்த்துக்கு அழைத்துப் போகும் அதே நாளாக அது அமைந்தால், நீங்கள் சாவடிக்குப் போகும் நேரத்தில் அம்மாவுடன் இருக்கும்படி பக்கத்துவீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.