அரசியலமைப்பு அரசைக் கட்டுப்படுத்துகிறதா? ஒரு வக்கீல் குமாஸ்தாவின் பதில்

கேள்வி: அரசியலமைப்புச் சட்டம் அரசின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கிறது, குடிமக்களின் உரிமைகளைக் காக்கிறது என்று பள்ளியில் படித்தோம். நடைமுறையில் அது எப்படி நடக்கிறது? உண்மையிலேயே நடக்கிறதா?

நான் வழக்கறிஞர் அல்லன். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஆகவே என் பதில், மனுக்களுக்குப் பக்க எண் போட்டு, கட்டித் தாக்கல் செய்த அனுபவத்திலிருந்து வருவது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நடக்கிறது என்பதே என் பதில். ஆனால் பெரும்பாலோர் எண்ணுகிற விதத்தில் அன்று. அரசியலமைப்பு அரசைப் பார்த்து 'செய்யாதே' என்று சொல்லும் இடங்கள் குறைவு. 'செய்வதானால் ஒரு சட்டத்தின்கீழ் செய், காரணத்தை எழுது, அதைப் பாதிக்கப்பட்டவனிடம் கொடு, நீதிமன்றம் கேட்டால் காட்டு' என்று சொல்லும் இடங்களே மிகுதி. அரசின் கை கட்டப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

இதற்கு நம் ஊரின் பழைய வழக்குகளைவிட நல்ல சான்று வேறில்லை. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அடுத்த சில வாரங்களில், மார்ச் 1 ஆகிய ஒரே நாளில், அன்றைய சென்னை மாநில அரசின் இரண்டு உத்தரவுகள் வெளிப்பட்டன. ஒன்று, 1947 டிசம்பர் முதலே காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு, விசாரணையின்றி ஒருவரை அடைத்து வைக்க இடம் தரும் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அளிக்கப்பட்டது. மற்றொன்று, ரமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்பது. இருவரும் 32ஆம் பிரிவின்கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்தை அணுகுவதையே ஓர் அடிப்படை உரிமையாக வைத்திருப்பது அந்தப் பிரிவு; உயர் நீதிமன்றங்களுக்கு அதற்கு இணையான அதிகாரத்தைத் தருவது 226ஆம் பிரிவு. இவற்றோடு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று சொல்லும் 13ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தால், நீங்கள் கேட்ட 'எப்படி' என்பதன் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

தாப்பர் வென்றார். பேச்சுரிமையை வரையறுக்க அன்று அரசியலமைப்பு அனுமதித்த காரணங்களில் 'பொது ஒழுங்கு' இல்லை. ஆகவே அதன் பெயரால் பத்திரிகையைத் தடுக்க வழிசெய்த சட்டப்பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி, முன்பு இதே சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். கோபாலன் தோற்றார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவின்கீழ் ஆராய வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். அந்தக் கருத்து மாற 1978இல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது. ஆனால் தோல்வியடைந்த அந்த வழக்கிலும், தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு மட்டும் வெட்டி எறியப்பட்டது. காவலில் வைத்ததற்கான காரணங்களை நீதிமன்றத்திடமும் வெளியிடக் கூடாது என்று தடுத்த பிரிவு அது. அடைத்து வைக்கலாம், ஏன் அடைத்தாய் என்பதை மறைக்க முடியாது; நான் மேலே சொன்ன இரண்டாவது வகைக் கட்டுப்பாடு இதுதான்.

1952இல் வி.ஜி. ராவ் வழக்கிலும் இதே இழைதான் ஓடுகிறது. மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அரசு அறிவித்திருந்தது. அறிவிப்பதற்கு அரசின் திருப்தி போதும், அந்தத் திருப்திக்கு அடிப்படை உண்டா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க இடமில்லை என்று சட்டம் இருந்ததால் அந்தச் சட்ட விதி வீழ்ந்தது.

அரசைத் தடுப்பதெல்லாம் மக்களுக்கு நன்மை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. சென்னையின் வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு பதினான்கு இடங்களும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டன. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் இதைச் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பின் எழுத்து சரியாக இருக்கலாம். அதன் விளைவு இம்மண்ணில் அநீதியாகவே உணரப்பட்டது. பெரியார் முன்னின்ற கிளர்ச்சிக்குப் பின், அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் திருத்தம் 15(4)ஐச் சேர்த்து, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிட்டது. விசித்திரம் என்னவென்றால், தாப்பர் வழக்கில் இல்லாதிருந்த 'பொது ஒழுங்கு' பேச்சுரிமைக்கு வரம்பாக நுழைந்ததும் இதே திருத்தத்தில்தான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனாலும் வரம்பு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல்லும் உடன் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

காவலாக இருக்க வேண்டிய நீதிமன்றமே கைவிட்ட காலமும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, சட்டவிரோதமாக அடைத்து வைத்தாலும், அடைக்கப்பட்டவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரலில் ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். 1978இன் நாற்பத்து நான்காம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21ஆம் பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாதபடி செய்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொல்வதற்கு தனியுரிமை பற்றிய 2017இன் புட்டசாமி வழக்கு வரை ஆயிற்று.

இனி இன்றைய நிலை. தமிழ்நாட்டில் எளிய மக்கள் அரசியலமைப்பை நேருக்கு நேர் சந்திக்கும் இடம், பேச்சு வழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் என்பேன். விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதங்கள் வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடும் அதே பகுதியிலேயே, 22ஆம் பிரிவில், தடுப்புக் காவலுக்கும் இடம் வைத்திருப்பது எனக்கு என்றுமே உறுத்தலானது. ஆனால் அந்தப் பிரிவே நிபந்தனைகளும் போடுகிறது: காரணங்களை விரைவில் தெரிவிக்க வேண்டும், எதிர்த்து முறையிட வாய்ப்பளிக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் வைக்க அறிவுரைக் கழகத்தின் கருத்து வேண்டும். எங்கள் பக்கத்தில் 'எச்.சி.பி.' (ஹேபியஸ் கார்பஸ் பெட்டிஷன்) என்று அழைக்கப்படும் ஆட்கொணர்வு மனுக்கள் இந்த நிபந்தனைகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். மகன் புழல் சிறையில். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அந்தப் பையனிடம் கொடுத்த ஆவணக் கட்டுக்குப் பக்க எண் சரிபார்க்கும்போது, ஆங்கிலத்தில் இருந்த காவல் நீட்டிப்பு உத்தரவு ஒன்றுக்குத் தமிழாக்கம் வைக்கப்படவில்லை என்பது என் கண்ணில் பட்டது. காவலில் வைப்பதற்கு அரசு சார்ந்து நின்ற ஆவணம் அது. புரியாத மொழியில் கொடுப்பது கொடுத்ததாகாது என்பது 1962 முதலே உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. வழக்கறிஞர் அந்த ஒரு வாதத்தை மட்டும் வைத்தார். இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவை ரத்து செய்தது.

"ஒரு பேப்பர் குறைஞ்சதுக்கா வுட்டாங்க, ஐயா?" என்று அந்த அம்மா கேட்டார். ஆமாம்மா என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மகன் தப்பு செய்யவில்லை என்று நீதிமன்றம் சொல்லும் என்று எதிர்பார்த்து வந்தவர். அதை ஆட்கொணர்வு மனுவில் சொல்ல மாட்டார்கள், மூல வழக்கு தனியாக நடக்கும், அதில் ஜாமீன் தனியாக வாங்க வேண்டும் என்று விளக்கினேன். மனு விசாரணைக்கு வருவதற்குள் அந்தப் பையன் ஏழு மாதம் உள்ளே இருந்திருந்தான். அந்த ஏழு மாதத்துக்கு என்ன வழி என்று அவர் கேட்டபோது, இழப்பீடு கோரித் தனி ரிட் மனு போடலாம், ஆனால் கிடைப்பது அரிது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் போடவில்லை.