ஒரே ஊசி எப்படிச் சுருக்கவும் விரிக்கவும் செய்கிறது?

கேள்வி: வயலில் அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பு தடித்து மூச்சு முட்டியது. அட்ரினலின் ஊசி போட்டதும் தேறினார். அது குருதிக்குழாயைச் சுருக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும் என்று தாதி சொன்னார். ஒரே மருந்து எப்படி இரண்டையும் செய்யும்?
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: அப்பா தேறியது பெரிய ஆறுதல், பிள்ளை. கிளிநொச்சியில் உயிரியல் படிப்பித்த காலமெல்லாம் யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி இது.

அட்ரினலின் இந்த வேலைக்காகக் கலத்துக்குள் போவதில்லை. கலத்தின் மென்சவ்விலுள்ள வாங்கியின் (செய்தியை வாங்கும் புரதத்தின்) வெளிப்பக்கக் குழியில் வந்து பொருந்துகிறது, அவ்வளவுதான். வாங்கி ஒரு புரதச் சங்கிலி. ஏழு சுருள்களாக மென்சவ்வை ஏழு தரம் ஊடறுத்து நிற்கிறது. அட்ரினலின் பொருந்தியதும் ஆறாவது சுருளின் உள்முனை விலகி இடம் விடுகிறது. அட்ரினலின் வாங்கிகளில் அல்பா, பீட்டா எனப் பல வகை உண்டு; பீட்டா-2 வாங்கியில் இந்த விலகல் ஏறத்தாழ 1.4 நானோமீற்றர் என்று 2011இல் வெளியான படிகக் கட்டமைப்பு காட்டியது. அந்த இடைவெளிக்குள் ஜீ புரதத்தின் (கலத்துக்குள் செய்தியைக் கடத்தும் புரதத்தின்) வால்நுனி நுழைகிறது. எந்த ஜீ புரதம் நுழையலாம் என்பது இடைவெளியின் அளவையும் சுற்றியுள்ள அமினோ அமிலங்களையும் பொறுத்தது.

மூச்சுக்குழாய்த் தசையில் பீட்டா-2 இருக்கிறது. அது ஜீஎஸ் என்ற வகை ஜீ புரதத்தைத் தூண்ட, கலத்துக்குள் செய்தி கொண்டுபோகும் சிறு மூலக்கூறான சக்கர ஏஎம்பி கூடித் தசை தளர்கிறது. தோலின் குருதிக்குழாயில் அல்பா-1. அது தூண்டுவது ஜீகியூ என்ற இன்னொரு வகையை. கல்சியம் கூடித் தசை சுருங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று 1988இல் வந்தது. அல்பா-2 வாங்கி வழமையாக ஜீஐ என்ற மூன்றாவது வகையைப் பிடித்து சக்கர ஏஎம்பியைக் குறைக்கும். அமெரிக்க ஆய்வாளர்களான கோபில்கா, லெவ்கோவிட்ஸ் குழுவினர் அதன் ஐந்தாம், ஆறாம் சுருள்களையும் இடையிலுள்ள வளையத்தையும் எடுத்துவிட்டு, பீட்டா-2இன் அதே துண்டைப் பொருத்தினார்கள். அந்தக் கலப்பு வாங்கி சக்கர ஏஎம்பியைக் கூட்டத் தொடங்கிவிட்டது! வடிவத்தில் ஒரு துண்டு மாற, கலத்துக்குப் போன செய்தியே மாறியது. இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது மிகப் பொருத்தம். ஆனால் பரீட்சையில் 'ஒரு வாங்கிக்கு ஒரு புரதம்தான்' என்று எழுதிவிடாதீர்கள்; பீட்டா-2 சிலவேளை ஜீஐயையும் பிடிக்கும்.

ஊசிக்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சு படபடத்திருக்கும். இதயத்திலுள்ள பீட்டா-1இன் வேலை அது. அப்புறம் முக்கியமான ஒன்று: அவர் பிரஷருக்கு ப்ரொப்ரனோலோல், அட்டெனோலோல் மாதிரிக் குளிசை எடுப்பவரா? அவை பீட்டா வாங்கிகளை மறித்து நிற்பதால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். குளிசையைத் தானாக நிறுத்த வேண்டாம். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.