12 மேட்சுல 10 தோத்த டீம் சாம்பியன் ஆனது நியாயமா?

கேள்வி 2018 வாஷிங்டன் வேலர் டீமைப் பத்தி. அரீனா ஃபுட்பால் லீக்ல 2 ஜெயிச்சு 10 தோத்து கடைசி இடத்துல முடிச்சும் கப்பைத் தூக்கிட்டாங்களே, இது எப்படிங்கறீங்க. கப்பு முழுக்க நியாயமானது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த சீசன் மோசமான சீசன்தான், கப்பு வந்ததால அது நல்ல சீசன் ஆயிடாது.

இந்த ஆட்டத்தைப் பாக்காதவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். இது அமெரிக்கன் ஃபுட்பாலையே ஐஸ் ஹாக்கி ஆடற இன்டோர் அரங்குக்குள்ள கொண்டுவந்து ஆடறது, 50 கெஜம்தான் நீளம், பக்கத்துக்கு 8 பேர், ஓரத்துல கோட்டுக்குப் பதிலா மெத்தை வச்ச சுவர். கோல்போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய வலை கட்டியிருப்பாங்க, எறிஞ்ச பந்து வலைல பட்டுத் திரும்பி வந்தாலும் ஆட்டம் நிக்காது, தரையைத் தொடறதுக்குள்ள ரிசீவர் (பாஸைப் பிடிக்கற ப்ளேயர்) பிடிச்சா அது செல்லும். பந்தை உதைச்சு எதிராளிகிட்ட தள்ளிவிடற பன்ட்டும் கிடையாது, அதனால கைல பந்து வந்தா பெரும்பாலும் பாயின்ட்தான், ரெண்டு டீமும் ஐம்பது அறுபதுன்னு அடிச்சிக்கும்.

விஷயமே இங்கதான் இருக்கு. எல்லாரும் ஸ்கோர் பண்றாங்கன்னா ஜெயிக்கிறவனுக்கும் தோக்கிறவனுக்கும் நடுவுல இருக்கறது டிஃபன்ஸ் நிறுத்தற ஒண்ணு ரெண்டு டிரைவ் (எதிராளி பந்தோட முன்னேறி வர்ற ஒரு முறை) மட்டும்தான், அந்த ஒண்ணு ரெண்டு கிடைக்காம வாராவாரம் தோத்துக்கிட்டே இருக்கலாம், திடீர்னு கிடைச்சா அதே டீம் யாரை வேணா சாய்ச்சிடும். வேலருக்கு ரெண்டும் ஒரே வருஷத்துல நடந்துச்சு.

அவங்க ஆரம்பமே சரியில்ல. 2017ல புதுசா வந்து 3 ஜெயிப்பு 11 தோல்வி, அஞ்சு டீம்ல அஞ்சாவது. 2018ல லீக்ல மொத்தமே நாலு டீம்தான், ஆல்பனி எம்பயர், பால்டிமோர் பிரிகேட், ஃபிலடெல்பியா சோல், அப்புறம் இவங்க. அதே மூணு பேர்கிட்டயே திரும்பத் திரும்ப அடிவாங்கணும், சீசன் நடுவுல ஹெட் கோச்சையும் மாத்திட்டாங்க. அதே கேபிடல் ஒன் அரங்குல ஆடற, அதே ஓனரோட ஹாக்கி டீமான கேபிடல்ஸ் அந்த ஜூன்லதான் முதல் தடவையா ஹாக்கி லீக்கோட சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப் ஜெயிச்சு ஊரே தெருவுல ஆடிட்டிருந்துச்சு. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவுல இவங்க தோத்துக்கிட்டிருந்ததை யாரு கவனிச்சா, எனக்கு இன்னைக்கும் அதுதான் வருத்தம். சம்பளமும் பெருசா கிடையாது, சுவர்ல மோதி மோதி ஆடற ஆட்டம், ப்ளேயர்ங்க உடம்பைக் கொடுத்துதான் ஆடினாங்க.

நாலு டீம்தான்னதால நாலுமே ப்ளேஆஃப் (சாம்பியனை முடிவு பண்ற கடைசிச் சுற்று) போச்சு. இதைத்தான் பலபேர் அநியாயம்ங்கறாங்க. விதி சீசனுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, இவங்களுக்காக யாரும் வளைக்கலையே. செமிஃபைனல் ரெண்டு மேட்ச், ரெண்டுலயும் எடுத்த பாயின்ட்டைக் கூட்டிப் பாப்பாங்க. முதலிடத்துல இருந்த ஆல்பனியை கூட்டுக் கணக்குல 103-100னு தாண்டினாங்க. மூணே பாயின்ட்! அந்தக் கடைசி மேட்சை முழுசா பாத்தவங்க யாரும் இதை ஓசியில வந்த கப்புன்னு சொல்ல மாட்டாங்க. ஜூலை 28 அன்னைக்கு அரீனாபௌல்ங்கற லீக் ஃபைனல், பால்டிமோர் பிரிகேடை அவங்க மண்ணுலயே, பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் அர்வெல் நெல்சன் தலைமைல 69-55னு ஜெயிச்சாங்க. சீசன் முழுக்க கிடைக்காத அந்த ஸ்டாப்புங்க கரெக்டா அந்த நேரத்துல கிடைச்சுது. வேலர், பிரிகேட் ரெண்டு டீமுக்கும் ஓனர் டெட் லியான்சிஸோட கம்பெனிதான்னு சந்தேகப்படறவங்களும் உண்டு, அதுக்கு ஒரு ஆதாரமும் நான் பாத்ததில்ல, ப்ளேயர்ங்களை அப்படிப் பேசறது தப்பு.

லீக் வரலாற்றுலயே இவ்ளோ மோசமான ரெக்கார்டோட யாரும் சாம்பியன் ஆனதில்ல. ஒரு லீக் நாலு டீமா சுருங்கினா இப்படித்தான் நடக்கும், அதுக்குக் கேள்வி கேக்கணும்னா லீக்கை நடத்தினவங்களைக் கேக்கணும், வேலர் பசங்களை இல்ல. அடுத்த வருஷம் ஆறு டீமா ஆக்கிப் பாத்தும் தாங்கல, 2019 கடைசில லீக்கே திவாலாகி மூடிட்டாங்க, வேலரும் அதோட போச்சு.