திறந்தவெளிப் பலகைத் தளத்துக்கு எந்த மரம்? – கேள்வி பதில்

கேள்வி (பொள்ளாச்சி): தோட்டத்துச் சாளைக்கு (தோட்ட வீட்டுக்கு) முன்னால் மரப்பலகைத் தளம் போட இருக்கிறோம். அப்பா வரப்பில் வைத்த தேக்கு 15 வருடமாக நிற்கிறது. அதையே அறுத்துக்கொள்ளலாமா ஐயா?

பதில்: இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பலகையைக் காப்பது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதியான வைரம்தான். தேக்கின் வைரத்தில் இயற்கையாக ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையும் டெக்டோகுவினோன் என்ற பொருளும் கரையானையும் பூஞ்சையையும் எளிதில் அண்ட விடுவதில்லை. அதைச் சுற்றி வெளிர் நிறத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதிக்கு அந்தத் திறன் கிடையாது. 15 வயது மரத்தில் வெள்ளையின் பங்கு அதிகம். அதை அறுத்துப் போட்டால், தேக்கு என்ற பெயர் இருக்கும், தேக்கின் குணம் பாதிப் பலகையில் இருக்காது. அவசரமாக வெட்டியே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்குள் அலமாரிக்கோ கட்டிலுக்கோ பயன்படுத்துங்கள். இல்லையென்றால் இன்னும் 15, 20 ஆண்டுகள் நிற்கட்டும். அப்பா வைத்த மரத்துக்கு அதுவே மரியாதை.

கேள்வி (கோயம்புத்தூர்): கடையில் பிரேசில் நாட்டு இப்பே மரம்தான் உலகிலேயே சிறந்தது என்கிறார்கள். நம் ஊருக்கு அது தேவையா? தேக்கு, வேங்கை போதாதா?

பதில்: இப்பே மிக உறுதியான மரம் என்பதில் ஐயமில்லை. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1,000 கிலோ இருக்கும். தேக்கு 650 கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால் நம் பகுதியில் பலகையைக் கெடுப்பது இடைவிடாத ஈரத்தை விட, ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதுதான். சித்திரை வெயிலில் வறண்டு சுருங்கிய பலகை, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அடிபட்டு, ஐப்பசி மழையில் நீர் குடித்து உப்புகிறது. ஆகவே கடினத்தை விட, சுருங்கி விரியும் அளவு குறைவாக இருப்பதே நமக்கு முதன்மையானது, அதில் தேக்கை மிஞ்சுவது கடினம். மேலும் 2024 நவம்பர் முதல் இப்பே இனங்கள் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் அடங்குகின்றன; வாங்குவதானால் அதற்குரிய ஆவணங்களைக் கேட்டுப் பாருங்கள்.

என் தேர்வு, பழைய வீடு இடித்த தேக்கு. பல ஆண்டுகள் உலர்ந்த உத்திரத்தை அறுத்தால் கிடைக்கும் பலகை வளைவது அரிது. ஆணிகளை முழுவதும் பிடுங்கிய பிறகே மில்லில் ஏற்ற வேண்டும் என்பதும், சில உத்திரங்களில் செல் அரித்த பொந்து இருக்கும் என்பதும்தான் கவனிக்க வேண்டியவை. அடுத்தது வேங்கை. அதன் வைரம் நன்றாகத் தாங்கும், ஆனால் வேங்கைக் குவளையில் ஊற்றி வைத்த நீர் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சாறு முதல் சில மழைகளில் வடிந்து, கீழே உள்ள கல்லிலும் சுண்ணாம்புச் சுவரிலும் கறையாகப் படியும். தென்கிழக்கு ஆசியாவின் மெர்பாவ் மரத்திலும் இதே தொல்லை உண்டு. மரங்களைக் கண்ணால் பார்த்துப் பழக விரும்பினால், 1902இல் உங்கள் ஊரிலேயே தொடங்கப்பட்ட காஸ் வனவியல் அருங்காட்சியகத்தில் மர மாதிரிகள் இருக்கின்றன.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): மாட்டு வண்டிச் சக்கரத்துக்கே கருவேலம்தான் போடுவார்கள். தளத்துக்கு ஆகாதா?

பதில்: வலுவில் குறையே இல்லை. நீளமான, கோணலற்ற பலகை கிடைப்பதுதான் அரிது. காயும்போது வெடிப்பும் விடும். படிக்கட்டு, குட்டை இருக்கை போன்ற சிறு நீளங்களுக்குத் தாராளமாக எடுங்கள். மலைவேம்பு பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அது ஒட்டுப்பலகைக்கான மரம், வெளியில் போட வேண்டாம்.

கேள்வி (திருப்பூர்): வார்னிஷ் அடித்தால் நிறம் மாறாமல் இருக்குமா?

பதில்: இருக்காது. வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைப்பதால்தான் பலகை சாம்பல் நிறமாகிறது. அது மேற்பரப்போடு நிற்கும், வலுவைக் குறைக்காது. வார்னிஷ் ஏடு வெடித்து, அதனடியில் நீர் தங்கினால்தான் உண்மையான கேடு. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன், நன்றாக உலர்ந்த பலகையில் மரத்துக்கான எண்ணெயைத் துணியால் தேய்த்து, ஊறாமல் நிற்கும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

கேள்வி (கரூர்): மொட்டை மாடியில் போடுகிறோம். வாங்கும்போதும் பொருத்தும்போதும் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், கருநிற அடர்மரம் வேண்டாம்; கரூர் வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மரவாடியில் பலகையின் முனையைத் திருப்பிப் பாருங்கள். வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நிலைத்திருக்கும். வில்போல் படுத்திருந்தால் ஓரம் தூக்கும், ஏனெனில் வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஓரத்தில் வெளிர்ப் பட்டை தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள்.

அங்குலக் கனப் பலகைக்கு 16 அங்குலத்துக்கு ஒரு தாங்கு சட்டம் வேண்டும். சட்டங்கள் மாடித் தரையின் நீரோட்டத்தை மறிக்காமல் அதன் போக்கிலேயே கிடக்கட்டும். பலகைகளுக்கிடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் நீர் வடியும், காற்றும் போகும். ஆசாரி இரும்புத் திருகாணி போதும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கருங்கோடு இறங்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையே, முன்கூட்டித் துளையிட்டு முறுக்கச் சொல்லுங்கள்.