புகை தெரியாத கரி

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்று படித்தேன். ஒரு லிட்டரின் எடையே ஒரு கிலோ தேறாதே, கணக்கு உதைக்கிறதே?
- வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உதைக்கவில்லை. மீதி எடை காற்றிலிருந்து ஓசியில் வருகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல் லிட்டருக்கு ஏறத்தாழ 740 கிராம். அதில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். ஒரு கார்பன் அணு (எடை 12) இரண்டு ஆக்சிஜன் அணுக்களை (தலா 16) இழுத்துக்கொள்வதால், 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகிறது. 640ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள். டீசல் என்றால் லிட்டருக்கு 2.7 கிலோ வரை போகும்.

கேள்வி: 2013 மாடல் பெட்ரோல் கார். புகையே தெரியவில்லை, ஆனால் எமிஷன் டெஸ்டில் கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம் காட்டித் தேறவில்லை. புகைக்குழாயில் நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: அவசரப்படாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; புகை தெரியாதது எதற்கும் சான்றாகாது. உங்கள் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதிப்படி செய்த) காருக்கு வரம்பு 0.3 சதவீதம். முதலில், வண்டியை எப்படிக் கொண்டுபோனீர்கள்? கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். வீட்டு வாசலில் நிற்கும் எமிஷன் டெஸ்ட் வேனில் காலையில் எடுத்த எடுப்பில் சோதித்தால் நல்ல வண்டியும் கோட்டை விடும். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் மறுபடி சோதியுங்கள்.

அப்போதும் தேறாவிட்டால் சோதனைச் சீட்டில் ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) அளவைப் பாருங்கள். அதன் வரம்பு 200 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 200 பங்கு). அது சரியாக இருந்து மோனாக்சைடு மட்டும் கூடினால், பெட்ரோல் அளவுக்கு மேல் போகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் அளவைச் சரிசெய்ய உதவும் ஆக்சிஜன் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் எகிறினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி தவறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியானால் ஸ்பார்க் பிளக்கும் இக்னிஷன் காயிலும்தான் முதல் வேலை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதியையே உருக்கிவிடும். மூலக்கோளாறைச் சரிசெய்யாமல் புதிது போட்டால் அதுவும் அதே கதிதான்.

ஒன்று: இந்தச் சோதனையில் கார்பன் டை ஆக்சைடுக்கு வரம்பே கிடையாது. மோனாக்சைடை அதுவாக மாற்றுவதுதானே கன்வெர்ட்டரின் வேலை! கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க பெட்ரோலைக் குறைப்பதே வழி.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் புகை ராய்ச்சூர் அனல் மின் நிலையத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதானே?
- வாசகர், இந்திரா நகர், பெங்களூரு

பதில்: பாதி உண்மை. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 51 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. நம் நாட்டு மின்சாரம் சராசரியாக யூனிட்டுக்கு 700 கிராம் போல; ஒரு யூனிட்டில் 30 கி.மீ. ஓடினால் 23 கிராம்தான். இரவில் நிலக்கரியின் பங்கு ஏறும். அலுவலகத்தில் பிளக் பாயின்ட் கிடைத்தால், கர்நாடகத்தின் பாவகடாவில் உள்ள 2,050 மெகாவாட் சூரிய மின் பூங்கா ஓடும் பகல் நேரத்தில் அங்கேயே சார்ஜ் போடுங்கள்.